மிச்சமாகும் யூனிட் யாருக்கு?

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடிய வீட்டுக்கும் 501 யூனிட் ஓடிய வீட்டுக்கும் கட்டணத்தில் எவ்வளவு வித்தியாசம் இருக்கும்? 2022 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த அட்டவணையை எடுத்துக்கொள்வோம். முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். 500-க்குள் நிற்கும் வீட்டுக்கு அடுத்த 100 யூனிட் ரூ.2.25 வீதம், அதற்கு மேல் 400 வரை ரூ.4.50, 500 வரை ரூ.6. மொத்தம் ரூ.1,725. ஒரு யூனிட் கூடி 501 ஆகிவிட்டால் 101-ஆவது யூனிட்டிலிருந்தே ரூ.4.50 கணக்காகிவிடும், அரைவிலைச் சலுகை போய்விடும். கடைசி யூனிட்டுக்கு ரூ.8. மொத்தம் ரூ.1,958. அந்த ஒற்றை யூனிட்டின் விலை ரூ.233. 2024 ஜூலையில் கட்டணம் 4.83 சதவீதம் ஏறியபோது ரூபாய்கள் மாறின. படிகளின் அமைப்பு அப்படியே இருந்தது.

வீட்டில் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுவது பற்றி வரும் அறிவுரைகள் பெரும்பாலும் இந்தப் படிகளைக் கண்டுகொள்வதில்லை. எல்இடி பல்பு போடுங்கள், ஐந்து நட்சத்திர ஏசி வாங்குங்கள், ஆளில்லாத அறையில் ஃபேனை நிறுத்துங்கள் என்று எல்லா வீட்டுக்கும் ஒரே பட்டியலை நீட்டுகின்றன. பட்டியலில் தவறில்லை. ஆனால் ஒரு யூனிட்டை மிச்சப்படுத்தினால் எவ்வளவு பணம் மிஞ்சும் என்பது அந்த வீடு எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்பதும் அதைப் பொறுத்ததே. இந்தக் கட்டுரை அந்த இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு ஃபேன், கூரை, ஏசி, அடுப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறது.

ஃபேனிலிருந்து தொடங்குவதே முறை. நம் ஊரில் ஏசி இல்லாத வீடுகள் நிறைய. ஃபேன் இல்லாத வீடு அரிது. பழைய வகைச் சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 75 வாட் இழுக்கும். உள்ளே இருக்கும் இண்டக்‌ஷன் மோட்டார் தானே காந்தப்புலத்தை உண்டாக்கிக்கொள்ள மின்சாரம் செலவழிக்கிறது. அதில் நல்ல பங்கு வெறும் சூடாகப் போகிறது. பிஎல்டிசி ஃபேனில் நிலைக்காந்தம் பதித்திருப்பதால் அந்தச் செலவு இல்லை. அதே காற்றை 28 முதல் 35 வாட்டுக்குள் தந்துவிடும். இந்த வகையை இந்தியச் சந்தைக்கு முதலில் கொண்டுவந்தவர்களில் கோயம்புத்தூரின் வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் முக்கியமானது. அவர்களுடைய 35 வாட் 'சூப்பர்ஃபேன்' 2012-இல் வந்தது. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயமாகிவிட்டதால், கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாலே எத்தனை வாட் என்று தெரிந்துவிடும்.

ஒரு ஃபேன் நாளுக்கு 15 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 75 வாட்டுக்குப் பதில் 30 வாட் என்றால் இரண்டு மாதத்தில் சுமார் 40 யூனிட் மிச்சம். பிஎல்டிசி ஃபேன் ரூ.3,000 என்று கொள்வோம். 520 யூனிட் ஓடும் வீடு ரூ.2,110 கட்டிக்கொண்டிருக்கிறது, ஒரே ஒரு ஃபேனை மாற்றினால் 480 யூனிட்டுக்கு இறங்கி ரூ.1,605 கட்டும். இரண்டு மாதத்துக்கு ரூ.505 மிச்சம், ஒரு வருடத்தில் ஃபேனின் விலை திரும்பிவிடும். 300 யூனிட் ஓடும் வீட்டுக்கு அதே 40 யூனிட்டின் மதிப்பு ரூ.180, ஃபேனின் விலை திரும்பக் கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆகும். 180 யூனிட் வீட்டுக்கு ரூ.90, ஐந்தரை வருடம். 95 யூனிட்டோடு இலவசத்துக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு காசும் மிஞ்சாது. அந்த வீட்டுக்காரர் 1,500 ரூபாய்க்குப் பழைய வகை ஃபேனே போதும் என்று வாங்கினால் அது அறியாமையல்ல, சரியான கணக்கு. அவருக்கு விழிப்புணர்வு வகுப்பு எடுப்பதில் பொருளே இல்லை.

வாங்குபவர்கள் சொல்லும் குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் தெருமுனைக் கடையில் கெப்பாசிட்டர் மாற்றலாம். காயில் எரிந்தால் வைண்டிங் கட்டிக்கொள்ளலாம். பிஎல்டிசியில் சர்க்யூட் போர்டு போனால் கம்பெனி ஆளைத்தான் கூப்பிட வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் போர்டு போவது புதிதும் அல்ல. அதனால் வாட்டைப் பார்ப்பதோடு வாரண்டி எத்தனை வருடம், சர்வீஸ் அந்த ஊரில் கிடைக்குமா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல ஃபேனைக் கழற்றி மாற்றுவதைவிட, கெட்டுப்போகும்போது மாற்றுவதில் லாபம் அதிகம். அப்போது கணக்கில் வருவது இரண்டு வகைகளுக்கும் இடையிலான விலை வித்தியாசம் மட்டும்தான். மேலே சொன்ன வருடங்கள் பாதியாகக் குறையும்.

விளக்கைப் பொறுத்தவரை வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. 2015 ஜனவரி 5 அன்று தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கு மேற்பட்ட எல்இடி பல்புகள் விற்கப்பட்டன. அரசு மொத்தமாகக் கேட்டதால் கொள்முதல் விலை 2014-இல் இருந்த ரூ.310-இலிருந்து இரண்டே ஆண்டில் ரூ.40-க்கும் கீழே வந்தது. இந்த விலைச் சரிவை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும். செம்புச் சோக் போட்ட பழைய 40 வாட் ட்யூப்லைட் எங்காவது எரிந்துகொண்டிருந்தால் அது சோக்கோடு சேர்த்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். எல்இடி ட்யூபுக்கு 20 வாட் போதும். அதற்கு மேல் விளக்கில் தேடுவதற்கு ஒன்றும் இல்லை.

தேடவேண்டிய இடம் தலைக்கு மேலே இருக்கிறது. சென்னையிலோ மதுரையிலோ மேல்மாடி வீட்டில் ஒரு கத்திரி வெயில் காலத்தைக் கழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாலைந்து அங்குல கான்கிரீட் பலகை பகல் முழுக்க வெயிலை வாங்கி, பொழுது சாய்ந்த பிறகு அறைக்குள் இறக்குகிறது. வெளியே காற்று குளிர்ந்த பின்னும் உள்ளே சுவரும் கூரையும் அனல் விடும். ஃபேன் அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றி வீசும். அந்த அறையில் ஏசி போட்டால், பாதி நேரம் அது கூரையைத்தான் குளிர்விக்கிறது.

நம் முன்னோர் கட்டிய வீடுகளுக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற கூரையில் தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்போடு நிறுத்தி அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் போட்டு, மேலே தட்டோடு பதிப்பார்கள். கனமான, சூட்டை மெல்லக் கடத்தும் கூரை அது. கான்கிரீட் வந்த பிறகும் செங்கல் ஜல்லித் தளமும் தட்டோடும் வெகுகாலம் தொடர்ந்தன. பிறகு செலவைக் குறைக்க அதுவும் விடப்பட்டது. மழைநீர் கசியாமலிருக்கச் சிமெண்ட் பூச்சும் இரசாயனப் பூச்சும் போதும் என்றானது. கட்டும்போது மிச்சப்படுத்திய அந்தப் பணத்தை அங்கே குடியிருப்பவர்கள் ஒவ்வொரு கோடையிலும் மின்கட்டணமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் செய்யக்கூடியதில் மிக மலிவானது மொட்டைமாடியை வெள்ளையாக்குவது. அழுக்கேறிய கான்கிரீட் மேல்விழும் வெயிலில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்போ வெள்ளை ஓடோ பாதிக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்தில் கரைந்துவிடும், தூசி படிந்தால் பயன் குறையும். அதனால் பிப்ரவரி, மார்ச்சில் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். வெள்ளை ஓடு பதித்தால் முதல் செலவு அதிகம், பிறகு கழுவினால் போதும். அகமதாபாத் 2013-இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்த பிறகு குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பதை அதில் சேர்த்துக்கொண்டது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்று ஒப்புக்கொண்ட பின், தகரக் கூரைக்கும் மேல்மாடிக்கும் வெள்ளை அடிப்பது தனிமனிதரின் சிக்கனப் பழக்கமாக மட்டும் இருக்க முடியாது. அது பொதுச் சுகாதார வேலை.

மேற்குச் சுவருக்கும் இதே நியாயம். சன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே நிழல் தருவது பலமடங்கு பயன் தரும். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் அறைக்குள் வந்ததுதான். மூங்கில் தட்டி, வெட்டிவேர்த் தட்டி, அகலமான சன்ஷேடு, ஒரு வேப்பமரம், எதுவாக இருந்தாலும் சன்னலுக்கு வெளியே இருக்க வேண்டும். புதிதாகக் கட்டுபவர்கள் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டைக் கேட்டுப் பார்க்கலாம். செங்கல்லை நிமிர்த்தி வைத்து நடுவில் வெற்றிடம் விடும் அந்தக் கட்டில் செங்கல் கால்வாசி குறையும்; நடுவில் நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கும். மேஸ்திரிக்குப் பழக்கமில்லை என்ற ஒரே காரணத்தால் தமிழ்நாட்டில் இது கைவிடப்படுவது வருத்தத்துக்குரியது.

கூரையைக் கவனித்த பிறகுதான் ஏசி பேச்சுக்கு வர வேண்டும். ஏசியின் முத்திரையில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. ஒன்றரை டன்னில் மூன்று நட்சத்திரத்துக்கும் ஐந்து நட்சத்திரத்துக்கும் அந்தக் கணக்கில் இருநூறு யூனிட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கும். கோடை மாதங்களில் ஏசி ஓடும் வீடு 500-ஐத் தாண்டுவது எளிது என்பதால் அந்த யூனிட்டுகள் 2022 அட்டவணைப்படி பெரும்பாலும் 8, 9 ரூபாய் யூனிட்டுகள். ஆகவே இரவுதோறும் ஏசி போடும் வீட்டுக்கு ஐந்து நட்சத்திரம் விரைவில் பணத்தைத் திருப்பித் தரும். விருந்தினர் அறையில் எப்போதாவது ஓடும் ஏசிக்குத் தராது. இன்னொன்று, நட்சத்திர அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுகிறது. 2022 ஜூலையில் அப்படி மாறியபோது அதற்கு முந்தைய ஐந்து நட்சத்திர ஏசிகள் ஒரு படி இறங்கின. தள்ளுபடியில் பழைய சரக்கை வாங்குபவர்கள் நட்சத்திரத்தை எண்ணாமல் முத்திரையில் உள்ள ஆண்டைப் பார்க்க வேண்டும். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. 2020 முதல் புது ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. 26-இல் வைத்து ஃபேனையும் மெதுவாகச் சுழலவிட்டால் கடலோர ஊர்களின் புழுக்கத்திலும் தூக்கம் வரும். ஏர்கூலர் வேலூர், கரூர் போன்ற வறண்ட ஊர்களில் கோடைக்கு நன்றாக உதவும். சென்னையின் ஈரக்காற்றில் அது அறையை மேலும் புழுங்கவைக்கும்.

ஃப்ரிட்ஜ் 24 மணி நேரமும் ஓடும் ஒன்று என்பதால் அதில் நட்சத்திரத்துக்கு, இலவசத்தைத் தாண்டிய எந்தப் படியில் உள்ள வீட்டிலும் பொருள் உண்டு. புது ஃப்ரிட்ஜ் வந்ததும் பழையதைத் தூக்கிப் போடாமல் தண்ணீர் பாட்டிலுக்கென்று மாடியறையில் ஓடவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் பெரிய விரயம். கதவின் ரப்பர் தளர்ந்திருக்கிறதா என்று ஒரு காகிதத்தைச் செருகி மூடி இழுத்துப் பார்த்தால் தெரியும். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும்.

மக்கள் பயப்படுவது ஓரிடத்தில், யூனிட் ஓடுவது இன்னோரிடத்தில். மிக்சி 500 வாட்டுக்கு மேல் இழுத்தாலும் ஓடுவது சில நிமிடம். மாத முடிவில் ஒன்றிரண்டு யூனிட் தேறினால் அதிகம். போன் சார்ஜரில் கவலைப்பட ஒன்றுமில்லை. டிவியை அணைத்த பிறகும் எரியும் செட்டாப் பாக்ஸ் 10 வாட் இழுத்தால்கூட இரண்டு மாதத்தில் 14 யூனிட் ஓட்டிவிடும். தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டரும் பேட்டரியும் பல வீடுகளில் இன்னும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கின்றன. இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3,200 துடிப்பு என்பது போல ஓர் எண் இருக்கும். சிவப்பு விளக்கு அத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்த விளக்கைக் கவனிக்க வேண்டும். அப்போதும் மின்னிக்கொண்டிருந்தால் எதுவோ ஓடுகிறது. ஒவ்வொன்றாகப் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் ஆள் அகப்படும்.

அடுப்பில் கணக்கு கொஞ்சம் சிக்கலானது. கேஸ் விலை ஏறும்போதெல்லாம் இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினால் மிச்சம் என்று பேசப்படுகிறது. 14.2 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ 180 யூனிட்டுக்கு இணையான வெப்பம் உண்டு. நல்ல பர்னரில் அதில் மூன்றில் இரண்டு பங்கு பாத்திரத்துக்குப் போகிறது. அதே சமையலை இண்டக்‌ஷனில் செய்தால் சுமார் 145 யூனிட் ஆகும். சென்னையில் 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பின் சிலிண்டர் ரூ.868.50 ஆனது. 2022 அட்டவணைப்படி யூனிட் ரூ.4.50 என்ற படியில் இருக்கும் வீட்டுக்கு 145 யூனிட்டின் விலை சுமார் ரூ.650, மாறினால் லாபம். யூனிட் ரூ.9 என்ற படியில் இருப்பவருக்கு ரூ.1,300-ஐத் தாண்டும், நட்டம். 400 யூனிட்டில் நிற்கும் வீடு முழுச் சமையலையும் மாற்றினால் 500-ஐத் தாண்டிக் குதித்து, மிச்சப்படுத்த நினைத்ததையும் சேர்த்து இழக்கும். எந்த அடுப்பானாலும் பருப்பை ஊறவைத்து, குக்கரில் வைத்து, விசில் வந்ததும் தீயைக் குறைப்பதில் மிஞ்சுவது மிஞ்சிக்கொண்டுதான் இருக்கும்.

இலங்கைத் தமிழர்களுக்கு இந்தப் படிக்கட்டின் வலி இன்னும் கூர்மையாகத் தெரியும். அங்கே கட்டணம் 2022 ஆகஸ்டில் 75 சதவீதமும், ஆறே மாதம் கழித்து 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது. மாதம் 60 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு அங்கும் தனி அட்டவணை.

பொருளியலாளர்கள் ஒரு மறுப்பு சொல்வார்கள். கருவி சிக்கனமானால் மக்கள் அதை அதிகம் பயன்படுத்துவார்கள், ஆகவே மிச்சம் கரைந்துவிடும் என்பார்கள். நிலக்கரியைப் பற்றி வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-இல் எழுதிய வாதம் இது. ஏசி வைத்திருப்பவர் மின்சாரம் மலிவானதும் 20 டிகிரிக்கு இறக்கிக்கொண்டால் ஜெவன்ஸ் சொன்னது நடக்கிறது. ஆனால் யூனிட் ஏறிவிடும் என்று பயந்து புழுக்கத்தில் இரவைக் கழித்த ஒரு பாட்டி, 30 வாட் ஃபேன் வந்த பிறகு விடியும்வரை காற்றோடு தூங்கினால் அதை மிச்சம் கரைந்த கணக்கில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அந்தத் தூக்கத்துக்காகத்தான் சிக்கனமே.

இனி யார் கைக்கு என்ற கேள்வி. சொந்த வீட்டில் 500-க்கு மேல் ஓட்டுபவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டண அட்டவணையே அவரைத் தள்ளும். வாடகை வீட்டில் இருப்பவரின் நிலை வேறு. பல வீடுகளில் வீட்டுக்காரர் ஒரு துணை மீட்டரை வைத்து, யூனிட்டுக்கு ஏழு, எட்டு ரூபாய் என்று ஒரே விலையாக வசூலிக்கிறார். இலவச 100 யூனிட்டும் அரைவிலையும் குடியிருப்பவரை எட்டுவதில்லை. ஒவ்வொரு யூனிட்டுக்கும் முழு விலை கொடுப்பவர் இவர்தான், ஆகவே சிக்கனத்தில் மிக அதிகம் மிஞ்ச வேண்டியதும் இவருக்கே. ஆனால் கூரை இவருடையது அல்ல; வெள்ளையடித்தால் பலன் அடுத்து வருபவருக்கு. கழற்றி எடுத்துப்போகக் கூடியதை மட்டும் இவர் வாங்க முடியும். வாடகைக்காரர் தனக்கென ஒரு பிஎல்டிசி ஃபேன் வாங்கி, வீடு மாறும்போது எடுத்துக்கொண்டு போவது முழுக்க நியாயமான முதலீடு. கூரைக்கோ வீட்டுக்காரரிடம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. மேல்மாடி வாடகை ஒப்பந்தத்தில் ஆண்டுக்கொரு முறை வெள்ளையடித்துத் தருவது என்ற ஒரு வரியைச் சேர்க்கும் வழக்கம் வந்தால் பெரிய மாற்றம் நடக்கும்.

100 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டில் மிச்சமாகும் யூனிட் அரசுக்குப் போகிறது. அந்த யூனிட்டின் விலையை மின்வாரியத்துக்கு மானியமாகக் கட்டுவது அரசுதான். அப்படியானால் அந்த வீட்டு ஃபேனை மாற்றும் செலவையும் அரசே ஏற்பதுதான் முறை. இது புதுமையான யோசனையும் அல்ல. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் தமிழ்நாடு அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. ஃபேனைக் கொடுத்த அதே அரசு 2016-இல் அதை ஓட்ட 100 யூனிட்டும் கொடுத்தது. கொடுக்கும் ஃபேன் எத்தனை வாட் இழுக்கிறது என்பதுதான் இரண்டு செலவையும் இணைக்கும் கேள்வி.

மேலே சொன்ன கணக்கையே எடுத்துக்கொண்டால், நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேன் ஆண்டுக்கு ஏறத்தாழ 240 யூனிட்டை மிச்சப்படுத்தும். 2022 அட்டவணையின் ரூ.4.50 வீதம் பார்த்தால் அரசின் மானியச் சுமையில் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு ரூ.1,080 குறையும். ஃபேன் சில்லறை விலைக்கே வாங்கப்பட்டாலும் மூன்று ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். பல்பு விலை ரூ.310-இலிருந்து ரூ.40-க்குக் கீழே போனது போல் ஃபேன் விலை சரியாது, அதில் செம்பும் காந்தமும் இருக்கின்றன. ஆனால் லட்சக்கணக்கில் டெண்டர் விட்டால் கணிசமாக இறங்கும். மத்திய அரசின் ஈஇஎஸ்எல் நிறுவனம் 2023 நவம்பரில் ஒரு கோடி ஃபேன்களை இலக்காக வைத்து இப்படியொரு திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் ரேஷன் கார்டு வழியாக வீட்டுக்கு வீடு பொருள் சேர்க்கும் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஒப்பந்தப் புள்ளியில் 35 வாட்டுக்கு மிகாமல், ஐந்தாண்டு வாரண்டி, வட்டத்துக்கு ஒரு பழுதுபார்க்கும் இடம் என்ற மூன்று நிபந்தனைகளை எழுதினால் வேலை தொடங்கிவிடும்.